நடுக்குவாதமும் பொய்த்தோற்றங்களும்

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் நடுக்குவாதம் பற்றி எழுதிய சிறு நூலில், இந்நோயில் புலன்களும் அறிவும் பழுதுறா என்று குறித்தார். அவர் ஆராய்ந்தது ஆறே நோயாளிகளை. அவருள்ளும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. அக்கூற்று முழுமையன்று என்பதைப் பிற்கால மருத்துவம் உணர்த்திற்று.

நோய் முதிருங்கால் பலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றுகின்றன. முதலில் யாரோ அருகில் நிற்பது போன்ற உணர்வு. கடைக்கண்ணில் பூனையொன்று ஓடி மறைந்தது போன்ற மயக்கம். பின்னர்க் குழந்தைகளும் அயலாரும் அறையில் அமர்ந்திருப்பர், பெரும்பாலும் பேசார். மங்கிய வெளிச்சமும் பார்வைக் குறையும் இவற்றை மிகுவிக்கும். ‘இது மெய்யன்று’ என்னும் தெளிவு தொடக்கத்தில் இருக்கும். பைத்தியம் என்பார்களோ என அஞ்சிப் பலர் மறைத்துவிடுகின்றனர். அத்தெளிவு குன்றியபின் வாழ்க்கைத் துணையை ஐயுறுதல், பொருள் களவு போயிற்றெனப் பழித்தல் ஆகியன தலைகாட்டும். இல்லத்தாரை நடுக்கத்தினும் மிகுதியாக வருத்துவது இதுவே என்பது என் எண்ணம்.

மூளையில் டோபமின் குறைவதால் உடல் இறுகுகிறது. அதனை ஈடுசெய்யும் லெவோடோபா முதலிய மருந்துகள் இத்தோற்றங்களைத் தூண்டலாம். நோய் மூளையில் பரவுவதும் காரணமாகும். ஆயினும் மருந்தைத் தாமாக நிறுத்துதல் பெருந்தீங்கு. சிறுநீர்த் தொற்று உண்டா என முதலில் நோக்கி, மருந்துகளைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் பணி. ஹாலோபெரிடால் இங்கு ஆகாது. அது உடலை மேலும் முடக்கும். குளோசபின் பயன் தரும். ஆனால் இரத்த வெள்ளணுக்களைக் கண்காணித்தல் வேண்டும். பிமாவான்செரின் என்னும் மருந்து 2016-இல் அமெரிக்காவில் இதற்கெனவே ஒப்புதல் பெற்றது.

“மூலையில் ஒரு பிள்ளை நிற்கிறான்” என்று முதியவர் சொன்னால் வாதிடுவதில் பயனில்லை. விளக்கை ஏற்றி, அருகில் அமர்ந்து, அவர் கையைப் பற்றிக்கொள்ளலாம்.