பழைய மருந்து, புதிய பணி

நெருளில் தொடர்வண்டி ஏறிப் பன்வேல் நோக்கிச் சென்றால் மூன்றாவது நிலையம் கார்கர். அங்கே டாட்டா நினைவு மையத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி வளாகம் உள்ளது. அம்மையத்தின் தாய் மருத்துவமனை 1941ஆம் ஆண்டு பரேலில் தொடங்கப்பட்டது.

வாய்க்கால் இல்லாத வயலில் பயிர் செழிப்பதில்லை. அதுபோலக் குருதிக்குழாய் எட்டாத புற்றுநோய்க் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. ஆகவே, அது சில வேதிப்பொருள்களைச் சுரந்து, அருகிலுள்ள குழாய்களைத் தன் பக்கம் கிளைவிடச் செய்கிறது. அக்கிளைகளைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் 1971இல் எடுத்துரைத்தார்.

இதற்கெனப் பின்னர் வந்த புதிய மருந்துகளின் விலை ஏழைகளுக்கு எட்டாதது. எனவே, டாட்டா மருத்துவமனை மருத்துவர்கள் விலை குறைந்த இரு பழைய மருந்துகளை நாடினர். செலிகாக்சிப், மூட்டுவலிக்குத் தரப்படும் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட், சிறிய அளவில் முடக்குவாதத்திற்குத் தரப்படுவது. இரண்டும் புதிய குருதிக்குழாய்கள் முளைப்பதை ஓரளவு தடுக்கும் இயல்புடையவை.

தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் முற்றிய 422 பேர் ஆய்வில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தை ஊசிவழிப் பெற்றனர். மறு பிரிவினர் இம்மாத்திரைகளை உண்டனர். முடிவு 2020இல் வெளியாயிற்று. ஊசி பெற்றோரில் பாதிப்பேர் 6.1 மாதங்களுக்கு மேலும், மாத்திரை உண்டோரில் பாதிப்பேர் 7.5 மாதங்களுக்கு மேலும் வாழ்ந்தனர். கடும் பக்கவிளைவுகள் முன்னவரில் 30 விழுக்காட்டினருக்கும் பின்னவரில் 19 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன.

நோய் முற்றிலும் நீங்கிவிடவில்லை. மெத்தோட்ரெக்சேட் புற்றணுக்களை நேராகவும் தாக்கும். ஆதலால் கிடைத்த பயன் குழாய்த் தடையால் மட்டுமே விளைந்தது என்று கூற இயலாது. எனினும், குறைந்த செலவில் வீட்டிலிருந்தபடியே பெறும் மருத்துவமாக அது அமைந்தது.

மருந்து பழையதாயினும் கவனம் குறையலாகாது. முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை உண்ண வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் உண்டால் உயிருக்கே இடராகும். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு மருந்துச்சீட்டைப் படித்துக் காட்டும் பிள்ளைகள், ‘நாள்’ என்பதையும் ‘வாரம்’ என்பதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தே சொல்ல வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
இடர் – துன்பம், ஆபத்து
விழுக்காடு – சதவீதம்

வினாக்கள்
1. கட்டி குருதிக்குழாய்களைத் தன் பக்கம் எவ்வாறு ஈர்க்கிறது?
2. மருத்துவர்கள் பழைய மருந்துகளை நாடியது ஏன்?
3. ஆய்வின் பயனையும் எல்லையையும் உம் சொற்களில் எழுதுக.