பழைய பிக்கப்புக்கு சிந்தெடிக் ஆயில்: ஊற்றும் முன்னும் பின்னும்

செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வாங்கி, பெயர் மாற்றி, இன்சூரன்ஸ் போட்டு முடித்ததும் அடுத்த கேள்வி ஆயில்தான். "இதுக்கு சிந்தெடிக் ஊத்தலாமாண்ணே?" என்று கேட்டால் பட்டறைக்குப் பட்டறை பதில் மாறும். ஊற்றினால் சீல் எல்லாம் பிய்த்துக்கொள்ளும் என்பார் ஒருவர். வண்டி புதுசு மாதிரி ஆகிவிடும் என்பார் இன்னொருவர். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆயில் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. எந்த நிலையில் இருக்கும் என்ஜினுக்கு மாற்றுகிறோம் என்று பார்ப்பதற்குத்தான் நாள் பிடிக்கும், அதைத்தான் பலரும் செய்வதில்லை.

நம் ஊர்களில் பிக்கப் என்றால் பொலீரோ பிக்கப், தோஸ்த், யோதா மாதிரி டீசல் வண்டிகள்தான். கீழே சொல்வதெல்லாம் டர்போ வைத்த அந்த டீசல் என்ஜின்களை மனதில் வைத்து.

நமக்கு எதற்கு சிந்தெடிக்?

கேனில் 15டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. 15டபிள்யூ ஆயிலைக் குளிரில் சோதிப்பதே மைனஸ் 20 டிகிரியில். ஜனவரி மாத ஊட்டியில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. ஆகவே "குளிரிலும் சட்டென்று ஸ்டார்ட் ஆகும்" என்ற விளம்பரத்துக்காக நாம் காசு கொடுக்க வேண்டாம்.

நமக்குப் பயன்படுவது வெயில் பக்கம். காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் முதல், இரண்டாம் கியரிலேயே ஏறும் வண்டியில் டர்போ தகதகவென்று கொதிக்கும். மேலே போனதும் டீக்கடையில் நிறுத்தி உடனே சாவியைத் திருப்பி அணைத்தால், டர்போ தண்டைச் சுற்றி நிற்கும் ஆயில் அங்கேயே வெந்து கரியாகப் படியும். மினரல் ஆயிலைவிட சிந்தெடிக் இந்தச் சூட்டைத் தாங்கும். சீக்கிரம் கெட்டியாகாது, ஆவியாகிக் குறைவதும் குறைவு, அழுக்கு படிவதும் குறைவு. லாபம் அவ்வளவுதான். மைலேஜ் எகிறும் என்று எதிர்பார்க்காதீர்கள். டீக்கடையில் ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணைக்கும் பழக்கம் எந்த ஆயிலுக்கும் நல்லது, அதற்குச் செலவும் இல்லை.

சீல் போகும் என்ற பயம் முழுக் கட்டுக்கதை அல்ல. 1970களில் வந்த ஆரம்பகால சிந்தெடிக்குகள் சில ரப்பர் சீல்களோடு ஒத்துப்போகவில்லை. இன்றைய ஆயில்களில் அந்தக் குறையைச் சரிக்கட்டும் சேர்மானங்கள் உண்டு. இப்போது நடப்பது வேறு. தேய்ந்துபோன சீலின் இடுக்கை பல வருஷ அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கும். நல்ல ஆயில் அந்த அழுக்கைக் கரைத்ததும் கசிவு வெளியே தெரியும். சீல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது, பழி ஆயில்மேல் விழுகிறது.

இடையில் ஒரு செய்தி: இன்று கடையில் "முழு சிந்தெடிக்" என்று விற்கும் பல கேன்களின் அடிப்படை எண்ணெய் கச்சா எண்ணெயிலிருந்தே எடுத்து, ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்ததுதான். இதை சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று கேஸ்ட்ராலும் மொபிலும் அமெரிக்காவில் மோதின. 1999இல் அங்குள்ள விளம்பரத் தீர்ப்பு அமைப்பு சொல்லலாம் என்றது. ஓட்டுகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. அந்த எண்ணெயும் தரமானதே.

முதலில் என்ஜினைப் படியுங்கள்

விற்பவர் என்ஜினை வாட்டர் சர்வீஸ் செய்து பளபளவென்று காட்டியிருப்பார். அந்தப் பளபளப்பில் கசிவு தெரியாது. ஒரு வாரம் லோடு அடித்துவிட்டுப் பாருங்கள். இரவில் என்ஜினுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டால், எந்த இடத்தில் சொட்டுகிறது என்பதைக் காலையில் அட்டையே சொல்லிவிடும். டேப்பெட் கவர், ஆயில் சம்ப் கேஸ்கெட், முன்னும் பின்னும் உள்ள கிராங்க் ஆயில் சீல், இவைதான் வழக்கமான இடங்கள். டேப்பெட் கவர் கேஸ்கெட் சின்ன வேலை, முதலிலேயே மாற்றிவிடலாம். பின்பக்க கிராங்க் சீல் என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். லேசான ஈரம்தான் என்றால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். சொட்டுகிறது என்றால் கிளட்ச் பிளேட் நனைவதற்குள் இறக்கியாக வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் கேஜை உருவி ஒரு சொட்டை விரலில் வைத்துத் தேயுங்கள். டீசல் என்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது தவறில்லை. மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது ஆயில் புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதற்கு அடையாளம். விரலில் நரநரவென்று படக்கூடாது. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் ஆயிலில் டீசல் இறங்குகிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் சிந்தெடிக் பேச்சே வேண்டாம், முதலில் பழுதைப் பாருங்கள்.

அடுத்து, வண்டியைச் சூடாக்கிவிட்டு, ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே துளைமேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். பழைய மெக்கானிக்குகள் எல்லாரும் செய்யும் சோதனை இது. மூடி லேசாக அதிர்ந்தபடி உட்கார்ந்திருந்தால் நல்லது. துள்ளிக் குதித்து விழுந்து, துளையிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், போர் தேய்ந்திருக்கிறது. மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். மெல்லிய பழுப்புப் படலம் பரவாயில்லை. நகத்தால் சுரண்டினால் வண்டிமை மாதிரி வருமானால் முந்தைய முதலாளி ஆயில் மாற்றுவதையே மறந்துவிட்டவர்.

சைலன்சரில் நீலப் புகை வந்து, 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் குறைகிறது என்றால் என் கருத்து தெளிவு: மினரலையே ஊற்றி ஓட்டுங்கள், மிச்சமாகும் காசை என்ஜின் வேலைக்குச் சேர்த்து வையுங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கும் ஆயிலைப் புகையாக விடுவதில் அர்த்தமில்லை.

நடுவில் ஒரு மினரல்

சோதனையில் தேறிய வண்டிக்கும் நேராக சிந்தெடிக் ஊற்ற வேண்டியதில்லை. பழைய சர்வீஸ் பில் கையில் இல்லாத வண்டி என்றால், அதே கிரேடில் நல்ல மினரல் ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு 2,000, 3,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். கரைய வேண்டிய அழுக்கு குறைந்த விலை ஆயிலிலேயே கரைந்து வெளியே போகட்டும். வண்டியின் ஆயில் செலவும் அதற்குள் பிடிபட்டுவிடும்.

இந்த இடத்தில் பட்டறையில் ஒரு யோசனை வரும்: "ரெண்டு லிட்டர் டீசலை ஊத்தி பத்து நிமிஷம் ஓட விட்டு இறக்கிடலாம் சார், உள்ள பளிச்சுன்னு ஆயிடும்." வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீசல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்குகளுக்கு நடுவே தாக்குப்பிடிக்காது. அதைவிட ஆபத்து, கட்டியாகப் பெயரும் அழுக்கு சம்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆயில் பிரஷர் போனால் டர்போவும் கிராங்க்கும் சில நிமிஷத்தில் காலி. கடையில் விற்கும் ஃபிளஷிங் திரவத்தையும் அதிக கிலோமீட்டர் ஓடிய என்ஜினுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மெதுவாகக் கரைவதே பத்திரம்.

எந்த கேன்

வண்டிக் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். சிந்தெடிக் என்பதற்காகக் கிரேடை இறக்காதீர்கள். கையேட்டில் 15டபிள்யூ-40 என்றிருந்தால் 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 சிந்தெடிக் பொருந்தும், ஏனென்றால் சூடான பிறகு எல்லாமே அதே 40தான். 5டபிள்யூ-30க்குப் போவது வேறு கதை. கையேடு அனுமதித்தால் மட்டும்.

ஏபிஐ குறியில் டீசலுக்கு உரியது "சி"யில் தொடங்கும்: சிஎச்-4, சிஐ-4, சிகே-4. "எஸ்"ஸில் தொடங்குவது பெட்ரோலுக்கு. 2016 கடைசியில் வந்த சிகே-4, பழைய சிஐ-4, சிஎச்-4 கேட்கும் என்ஜின்களுக்கும் சரிப்படும். கூடவே வந்த எஃப்ஏ-4 அப்படி இல்லை. பழைய வண்டிக்கு அதைத் தொடவே கூடாது. உங்கள் பிக்கப் 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பிஎஸ்6 வண்டி, சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி இருக்கிறது என்றால் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம். பிஎஸ்4 காலத்து ஆயிலை அதில் ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியில் சேர்ந்து அடைக்கும். அந்த வடிகட்டியின் விலையைக் கேட்டால் ஆயில் விலை அற்பமாகத் தெரியும்.

போலி ஆயில் ஏராளம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில் போட்டு வாங்குங்கள். மூடியின் சீல், கேனில் அச்சிட்ட பேட்ச் எண், தேதி மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

மாற்றும் நாள்

புது ஃபில்டர், ட்ரெய்ன் நட்டுக்குப் புது வாஷர், கையேடு சொல்லும் அளவு ஆயில், பழையதைப் பிடிக்க அகலமான சட்டி, கையுறை. இவ்வளவும் கையில் வந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

சமதரையில், லோடு இல்லாமல், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். பிக்கப் உயரம் என்பதால் பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலே அடியில் போகலாம். ஜாக்கி வைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டாண்டு கொடுக்காமல் உள்ளே தலையை நீட்டாதீர்கள். என்ஜினைப் பத்து நிமிஷம் ஓட்டி அணைத்து, இன்னொரு பத்து நிமிஷம் விடுங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கும்.

மேல் மூடியை முதலில் திறந்துவையுங்கள். கீழே நட்டை ரிங் ஸ்பேனரால் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளில் விரலால் உள்பக்கம் அழுத்தியபடி சுழற்றினால் கையை நனைக்காமல் சட்டென்று எடுக்கலாம். முதல் வீச்சு சட்டியைத் தாண்டி அடிக்கும், சட்டியைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். சொட்டு நின்று வரும்வரை பொறுமை. நட்டின் நுனியில் சாம்பல்நிற மாவு மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் இரும்புச் செதில் இருந்தால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வளையத்தின்மேல் புது ஃபில்டரை ஏற்றினால், ஸ்டார்ட் செய்த சில விநாடியில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை ஃபில்டரை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். உள்ளே காகித எலிமெண்ட் மட்டும் மாற்றும் வகை என்றால், மூடியின் ஓ-ரிங்கை மாற்ற மறக்க வேண்டாம். ட்ரெய்ன் நட்டையும் புது வாஷரோடு அளவாக இறுக்குங்கள். அலுமினிய சம்பில் மரை போனால் செலவு பெரிது.

சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். இரண்டு நிமிஷம் ஓட்டி, கீழே குனிந்து கசிவு பார்த்து, அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து கேஜ் பார்த்து மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேல் கோட்டுக்கு ஒட்டிக் கீழே நிறுத்துங்கள். கோட்டுக்கு மேல் போனால் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும்.

இறக்கிய ஆயிலைச் சென்ட்ரிங் பலகையில் தடவவும் வேலிக் கம்பத்தில் பூசவும் கேட்டு ஆள் வருவார்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. சாக்கடையில் கொட்டுவதும் மண்ணில் ஊற்றுவதும் கூடாது. பழைய கேனிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயிலை மறுசுத்திகரிப்புக்கு எடுக்கும் சர்வீஸ் சென்டரிடம் கொடுங்கள். தூக்கிப் போடும் மற்ற காலி கேன்களின் அடியில் ஆணியால் ஓட்டை போடுங்கள். நல்ல கேன்தான் போலிக்காரனுக்கு மூலதனம்.

அதன் பிறகு

முதல் மாதம் வாரம் ஒருமுறை, அதே சமதரையில், காலையில் கேஜ் பாருங்கள். மீட்டரையும் அளவையும் டேஷ்போர்டில் கிடக்கும் டீசல் பில் நோட்டிலேயே குறியுங்கள். அட்டைப்பெட்டியை மறுபடி அடியில் போடுங்கள்; புதிதாக ஒரு சொட்டு தெரிந்தால் அது எந்த சீல் என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஈரம் மட்டும் என்றால் கவனித்துக்கொண்டு ஓட்டலாம்.

சிந்தெடிக் ஊற்றிவிட்டோம் என்று மாற்றும் தூரத்தை உடனே நீட்டிக்காதீர்கள். கையேடு 10,000 என்றால் முதல் சிந்தெடிக்கை 5,000இல் இறக்குங்கள். அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் 5,000இல் ஃபில்டரை மட்டும் மாற்றி, குறைந்த ஆயிலைச் சேர்த்துக்கொண்டு ஓட்டுங்கள். இரண்டாவது முறையிலிருந்து கையேட்டுக் கணக்கு. அதற்கு மேல் நீட்டிப்பதை, முழு லோடும் மலையும் தூசியுமாக ஓடும் வண்டிக்கு நான் ஒப்பமாட்டேன்.

வழியில் ஆயில் குறைந்து, அந்த ஊர்க் கடையில் மினரல் மட்டும்தான் கிடைக்கிறதா? அதே கிரேடு, அதே ஏபிஐ குறி என்றால் தயங்காமல் ஊற்றுங்கள். இரண்டும் கலக்கும், திரியாது. சிந்தெடிக்கின் பலன் கொஞ்சம் குறையும், அவ்வளவே. குறைந்த ஆயிலோடு ஊர் வந்து சேரலாம் என்று ஓட்டுவதுதான் என்ஜினைக் கொல்லும். சீட்டுக்குப் பின்னால் ஒரு லிட்டர் கேன் எப்போதும் கிடக்கட்டும்.