வாரத்துக்கு விட்ட மாட்டைத் திரும்ப ஓட்டும்போது

வீரபாண்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பங்காளி முறை அண்ணன் ஒருவரிடம் கறவை மாட்டை வாரத்துக்கு விட்டிருந்தேன். இப்போது நானே தொழுவம் போட்டுவிட்டேன். மாட்டை ஓட்டிவர எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? எழுத்தில் எதுவும் கிடையாது.”

நாள் கணக்கை விடுங்கள். மாட்டின் மடியையும் அண்ணன் வீட்டு வைக்கோல் படப்பையும் பார்த்துச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் அடுத்தவர் குதிரையை வைத்துப் பராமரிக்கும் லாயங்களில் பொதுவாக ஒரு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அங்கே மாதாமாதம் பணம் போகிறது, அதனால் மாதக் கணக்கு சரியாக வரும். வாரத்தில், அதாவது மாட்டை வளர்க்க விட்டுப் பலனில் பங்கு பிரித்துக்கொள்வதில், அப்படி இல்லை. வளர்ப்பவரின் கூலி பாலிலும் கன்றிலும் இருக்கிறது. அது கைக்கு வருகிற நேரம் பார்த்து மாட்டை ஓட்டினால், அவர் கூலியையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு வந்த மாதிரிதான்.

மாட்டின் சினைக்காலம் 9 மாதம் 10 நாள். கடைசி இரண்டு மாதம் பாலை வற்றவிட வேண்டும். அந்த 60 நாளும் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை எல்லாம் அவர் கைக்காசு. வருமானம் ஒரு சொட்டு இல்லை. கன்று போட்டால் பால் வரும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் போடுகிறார். நிறைசினையில் ஓட்டிவருவதும், சீம்பால் தெளிந்த கையோடு ஓட்டிவருவதும் ஊரில் பேச்சு வாங்கித் தரும், அது நியாயமான பேச்சும்கூட. கறவை குறைந்து, அடுத்த சினை ஊசிக்கு முன்னால் இருக்கும் இடைவெளிதான் சரியான நேரம். ஏற்கெனவே சினை பிடித்திருந்தால் கன்று போடட்டும், ஒரு கறவை அவர் கறந்துகொள்ளட்டும். அவ்வளவு பொறுக்க முடியாது என்றால் வற்றுகாலத் தீனிச் செலவைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

அடுத்தது வைக்கோல். உங்கள் பக்கம் லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாறு பாயும் 14,707 ஏக்கரும் இருபோகம். அறுப்பு முடிந்த கையோடு வைக்கோல் மலிவாகக் கிடைக்கும்போதே மாடு வைத்திருப்பவர் வாங்கிப் படப்புப் போட்டுவிடுவார். படப்புப் போட்ட மறுவாரம் போய் “மாட்டை ஓட்டிக்கிறேன்” என்றால், அந்த வைக்கோலை அவர் என்ன செய்வார்? அறுப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, இந்தப் போகத்துக்கு வைக்கல் வாங்க வேணாம். தொழுவம் போட்டுட்டேன், தை பொறந்ததும் ஓட்டிக்கிறேன்.” இவ்வளவு போதும். இதை மந்தையில் நின்றோ டீக்கடையிலோ சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போய், மதினி இருக்கும்போது சொல்லுங்கள். தண்ணி காட்டுவதும் சாணி அள்ளுவதும் பெரும்பாலும் அவர்தான். அண்ணன் தலையாட்டிவிடுவார், கணக்கு மதினியிடம் இருக்கும்.

அந்தக் கணக்கில்தான் சண்டை வருகிறது. தலை ஈத்துக் கன்று மாட்டுக்காரருக்கு, அடுத்த ஈத்து வளர்த்தவருக்கு என்பது ஒரு வழக்கம். விடும்போது ஒரு மதிப்புப் போட்டு, விற்கும்போது அதற்கு மேல் வருவதில் பாதி என்பது இன்னொன்று. ஊருக்கு ஊர் மாறும். உங்களுக்குள் என்ன பேச்சு என்பதை, அப்போது கூட இருந்த பெரியவரை வைத்து மறுபடி ஒருமுறை பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சட்டத்தை நம்பி வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 163-ஆம் பிரிவில், மாட்டையே உதாரணமாகச் சொல்கிறது: பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்ட மாடு கன்று போட்டால், வேறு பேச்சு இல்லாதவரை, கன்றும் மாட்டுக்காரருக்கே. வாரத்தில் வேறு பேச்சு இருக்கத்தானே செய்கிறது! அதை நிரூபிக்கத் தாள் இல்லாததால் வளர்த்தவர் தோற்கலாம். நீங்கள் ஜெயித்தாலும் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போக முடியாது. அவருடைய பங்குக் கிடேரியை நீங்களே வைத்துக்கொள்ள ஆசையென்றால் சந்தை விலை கொடுத்து வாங்குங்கள். பங்காளி விலை பேசாதீர்கள்.

ஓட்டும் நாள்: செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம், அந்த வீட்டிலிருந்து மாட்டை அனுப்ப மனசு வராது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா வாரத்திலும் வேண்டாம். போக்குவரத்தையே மாற்றிவிடுவார்கள், அந்தக் கூட்டத்திலும் கொட்டுச் சத்தத்திலும் மாடு மிரளும். பிடிகயிறு புதிதாக நீங்கள் கொண்டுபோங்கள். பழைய கயிறு அவர் வீட்டில் இருக்கட்டும். வண்டியில் ஏற்றுவதானால் மாடு பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் கேட்பது அது. காதுத்தோட்டின் 12 இலக்க எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கோமாரித் தடுப்பூசி போட்ட பதிவு அந்த எண்ணில்தான் இருக்கும். காப்பீடு இருந்தால் இடம் மாறுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோடு அறுந்திருந்தால் புதிது போட்டுவிட்டு ஓட்டுங்கள், தோடு இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கேட்பது பெரும்பாடு.

அவர் போட்ட தீனியில் ஒரு வாரத்துக்கானதைக் காசு கொடுத்து வாங்கிவந்து, உங்கள் தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு உப்பும், பால் குறையும். மாட்டுக்கு ஏதாவது என்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போடலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வளர்ப்பவருக்கு முடியாமல் போகும் நாளும் வரும்: முதுகுவலி, மகளுக்குப் பேறுகாலம், புல் அறுத்த வயலில் வீட்டுமனைக் கல் நட்டது. அவரும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், நீங்கள் வருவதற்குள் மாட்டை வேறு கைக்கு மாற்றவோ விற்கவோ கூடாது. அவர் அப்படிச் சொல்லி அனுப்பினால் “அடுத்த மாசம் பார்ப்போம்” என்று இழுக்காதீர்கள். நீங்கள் இழுக்கிற ஒவ்வொரு வாரத்துக்கும் தீனிக்காசை அனுப்பிவையுங்கள்.