அடிக்கடி நின்றுபோகும் ஜீப்: காரணம் அறிந்து களைவோம்

பொழுது புலருமுன் தொடங்கிய பால் வெட்டு முடிந்துவிட்டது. வாளி வாளியாகச் சேர்ந்த பால் நிறுக்கப்பட்டு, வண்டியில் ஏற்றப்பட்டு ஆலைக்குப் புறப்படுகிறது. மேட்டின் உச்சியில் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். இயந்திரம் இருமுறை குலுங்கி நின்றுவிடுகிறது. மீண்டும் முடுக்கினால் ஓடுகிறது. காலை எடுத்தால் நிற்கிறது. வெயிலோ ஏறுகிறது. அம்மோனியா போதிய அளவு சேர்க்கப்படாத பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும். உறைந்த பாலுக்கு நல்ல பாலின் விலை கிடைப்பதில்லை. ஆகவே வண்டியின் சிறு கோளாறு, விடியுமுன் எழுந்து உழைத்தவரின் பலனைக் கெடுத்துவிடக் கூடும்.

காட்டுப் பாதைகளில் ஓடும் நான்கு சக்கர இழுவை வண்டிகளுள் லாண்ட்ரோவர் நமக்கு நன்கு பழக்கமானது. அதன் மூன்றாம் வரிசை 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டது. கேமரன் மலை போன்ற இடங்களில் பழைய லாண்ட்ரோவர்கள் இன்றும் பாடுபட்டு வருகின்றன. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரமும் கார்புரேட்டரும் கொண்ட அத்தகைய வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கோளாற்றை ஆராய்வோம்.

மெது ஓட்டம் என்பது என்ன?

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னரும் இயந்திரம் தானே மெல்லச் சுழன்றுகொண்டிருப்பதே மெது ஓட்டம். பட்டறைகளில் இதனை ‘ஐட்லிங்’ என்பர். பழைய பெட்ரோல் இயந்திரங்களில் இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 முதல் 800 சுற்று வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேடு கூறும் அளவே சரியான அளவாகும்.

அந்நேரத்தில் கார்புரேட்டரின் காற்றுத் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். எனவே பெட்ரோல் பெரிய வழியாக வருவதில்லை. ஊசித் துளை போன்ற ஒரு சிறு ஜெட்டின் வழியாகவே வருகிறது. ஒரு தூசி போதும், அத்துளையை அடைப்பதற்கு. வேகமாகச் செல்லும்போது நன்றாக ஓடும் வண்டி, நிறுத்தத்தில் மட்டும் அணைந்துபோவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

நோயாளியைக் கேட்பதுபோல் வண்டியைக் கேளுங்கள்

திருப்புளியைக் கையில் எடுக்குமுன், வண்டி எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

குளிர்ந்திருக்கும்போது மட்டும் நின்றால் சோக் சரியாக இயங்கவில்லை எனலாம். சூடான பின் கரும்புகையுடன் நின்றால் சோக் முழுவதும் உள்ளே தள்ளப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிரேக்கை மிதிக்கும்போது நின்றால், பிரேக் சர்வோவுக்குச் செல்லும் குழாயில் காற்று கசியலாம். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது நின்றால், தளர்ந்த மின்கம்பியையோ கார்புரேட்டர் மிதவையையோ சந்தேகிக்க வேண்டும். ஆற்றைக் கடந்த பின் நின்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி நனைந்திருக்கும். அதைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் போதும். சிறிது தூரம் ஓடி நின்று, பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தவுடன் ‘உஸ்’ என்ற ஒலியோடு சரியானால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளது என்று அறிக.

முறையாகச் சோதிக்கும் வழி

இயந்திரத்திற்கு வேண்டியவை மூன்று: காற்று, பெட்ரோல், தீப்பொறி. இம்மூன்றையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

1. காற்று வடிகட்டி: பழைய லாண்ட்ரோவரில் எண்ணெய்த் தொட்டியுடன் கூடிய வடிகட்டி உண்டு. செம்மண் தூசி அதில் சேறாகப் படியும். அதைக் கழுவி, குறிக்கப்பட்ட அளவுக்குப் புதிய எண்ணெய் ஊற்றுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் அதுவே காற்றைத் தடுக்கும்.

2. பெட்ரோல்: பம்பின் கீழுள்ள கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். அடியில் துருவோ, முத்துப்போல் உருளும் நீர்த்துளியோ தென்பட்டால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நம் நாட்டின் ஈரக்காற்றில், அரைகுறையாக நிரம்பிய தொட்டியின் உட்புறம் இரவில் வியர்க்கும்; அந்நீர் அடியில் தங்கும். மாலையில் தொட்டியை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். அதன்பின், மெது ஓட்ட ஜெட்டைக் கழற்றிக் காற்றால் ஊதுங்கள். கம்பி கொண்டு குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் ஜெட் பயன்படாது.

3. காற்றுக் கசிவு: கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கட் பழுதானாலோ, ரப்பர்க் குழாய் வெடித்தாலோ வேண்டாத காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்க்கச் செய்யும். இயந்திரம் ஓடும்போது, சோப்பு நீரை ஒரு தூரிகையால் இணைப்புகளில் சிறிது தடவுங்கள். எந்த இடத்தில் தடவும்போது ஓசை மாறுகிறதோ அங்கே கசிவு உண்டு. இச்சோதனைக்குப் பெட்ரோலைத் தெளிப்பவரும் உளர். அது தீயோடு விளையாடுவதாகும்.

4. தீப்பொறி: பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளிறியிருந்தால் காற்று மிகுதி. மூன்றாம் வரிசைப் பெட்ரோல் லாண்ட்ரோவரில் பிளக்கின் இடைவெளி 0.75 முதல் 0.80 மில்லிமீட்டர், பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் தேய்ந்து இடைவெளி குறைந்தால் மெது ஓட்டம் முதலில் தடுமாறும்.

இவை யாவும் சரியாக இருந்தும் குலுக்கல் தீரவில்லையெனில், வால்வு இடைவெளியையும் சிலிண்டர் அழுத்தத்தையும் மெக்கானிக் சோதிக்க வேண்டும்.

திருகு இறுதியில்தான்

நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டி நின்றவுடன் வேகத் திருகை முறுக்கி, மெது ஓட்டத்தை உயர்த்திவிடுகின்றனர். காய்ச்சலுக்குக் காரணம் காணாமல் போர்வை போர்த்துவது போன்றது இது. நோய் உள்ளேயே இருக்கும். பெட்ரோல் வீணாகும், கியர் மாற்றும்போது பற்கள் உரசும், இறக்கத்தில் இயந்திரம் வண்டியை முன்னே தள்ளும்.

எல்லாச் சோதனைகளும் முடிந்த பின்னரே திருகைத் தொடவேண்டும். இயந்திரத்தை நன்கு சூடேற்றுங்கள். சோக் உள்ளே இருக்கட்டும். காற்று வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கட்டும். வேகத் திருகால் ஓட்டத்தைச் சற்றே உயர்த்துங்கள். பின்னர்க் கலவைத் திருகை இயந்திரம் தடுமாறும்வரை மெல்ல உள்ளே திருப்பி, ஓசை சீராகும்வரை வெளியே திருப்புங்கள். முடிவில் வேகத் திருகால் உரிய அளவுக்குக் குறையுங்கள். கலவைத் திருகின் முனை கூரானது. இறுக முறுக்கினால் அதன் இருக்கை சேதமாகும்.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

சர்வோ உள்ள வண்டி இறக்கத்தில் நின்றுவிட்டால், பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். சர்வோவில் எஞ்சியுள்ள உதவி ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும்; பின்னர்ப் பிரேக் கல்லாக இறுகும். ஒரே மிதியாக உறுதியாக அழுத்தி வண்டியை நிறுத்துங்கள். நின்ற பின் கைப்பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். அதன் பின்னரே பின்னால் இருப்போர் இறங்கவேண்டும்.

ஏற்றத்தில் நின்றால், கிளட்சை அழுத்திக்கொண்டு வண்டியைப் பின்னோக்கி உருள விடாதீர்கள். கிளட்ச் அழுந்தியிருக்கும்போது இயந்திரம் வண்டியைத் தடுத்து நிறுத்தாது.

மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓட்டிச் சோதிக்க வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆயினும் அது உயிரைக் குடிக்கும். பெட்ரோல் குழாயைக் கழற்றுமுன் இயந்திரம் ஆறட்டும். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். அருகில் எவரும் புகைக்கக் கூடாது.

புதிய வண்டிகளுக்கு ஒரு சொல்

இக்காலப் பிக்கப் வண்டிகள் பல டீசலில் ஓடுபவை. அவற்றில் கார்புரேட்டரும் பிளக்கும் இல்லை. அடைபட்ட டீசல் வடிகட்டியும், குழாயில் புகுந்த காற்றும், நீரும் அவற்றை நிறுத்தும் முக்கிய காரணங்களாகும். மின்னணுக் கருவி கட்டுப்படுத்தும் இயந்திரமாயின், எச்சரிக்கை விளக்கைக் கவனித்து, சோதனைக் கருவியுள்ள பட்டறைக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை.

வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடிக் கிண்ணம், காற்று வடிகட்டி, ரப்பர்க் குழாய்கள், மின்கம்பிகள் ஆகிய நான்கையும் பாருங்கள். கண்டதை ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் செல்லும்போது அக்குறிப்பே பாதி வேலையை முடித்துவிடும். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற ஒரு தாயை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தாலும் நாம் நாடுவது இதே வண்டியைத்தான். அது நம்மை நடுவழியில் கைவிடாதிருக்க, அரைமணி நேர உழைப்பு பெரிதன்று.