தாத்தாவுக்குத் தாகம் எடுக்காதது ஏன்?

மாணவர்களே, பகல் இரண்டு மணிக்குப் பள்ளி முடிந்து வீடு திரும்புகிறீர்கள். சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. நேராகப் போய்த் தண்ணீர் குடிக்கிறீர்கள். தாத்தாவுக்கும் ஒரு குவளை நீட்டினால், "எனக்குத் தாகமே இல்லையே" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

ஒரு சிறு சோதனை

ஒரு கையை மட்டும் நீரில் நனைத்து, இரு கைகளையும் காற்றாடியின் முன் நீட்டுங்கள். ஈரமான கைதான் அதிகம் குளிரும். நீர் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துச் செல்வதே காரணம். வியர்வையும் இப்படித்தான் நம் உடலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசில் வைத்திருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். சொட்டி விழும் வியர்வைக்கு இந்தப் பயன் இல்லை. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஆகவே வியர்வை மெதுவாகவே ஆவியாகிறது.

முதுமையில் நிகழும் மாற்றங்கள்

1. தாக உணர்வு மழுங்குகிறது. உடலில் நீர் குறைந்தாலும் அது தெரிவதில்லை.
2. வியர்வைச் சுரப்பிகள் குறைவாகச் சுரக்கின்றன.
3. தோலுக்குப் பாயும் இரத்தம் குறைவதால், உள்வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை.

இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கி, நீரிழப்பைக் கூட்டுவதும் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை

• "தாகமா?" என்று கேட்காமல், நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே சரி.
• சந்தைக்குப் போவதையும் நடைப்பயிற்சியையும் காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள்.
• கை, கழுத்தை ஈரத்துணியால் துடைத்துக் காற்றாடியைப் போடுங்கள். சுரக்காத வியர்வையின் வேலையை அந்த ஈரம் செய்யும்.
• காற்றின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் காற்றாடியை மட்டும் நம்பாதீர்கள். தோலைவிடச் சூடான காற்று உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கும். பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998ஆம் ஆண்டு 40.1 டிகிரி பதிவானது.

உடனே உதவி தேவை

பேச்சுக் குழறல், மனக்குழப்பம், மயக்கம், கொதிக்கும் உடல் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கலாம். 999ஐ அழையுங்கள். அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நனைத்து விசிறுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

இன்று வீடு திரும்பியதும் குவளையைத் தாத்தாவின் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.