எந்தச் சாதனத்துக்கு எந்தப் பிளக்?

வணிகப் பெருமக்களே! பத்து கிலோ தராசில் நாம் மூட்டையை ஏற்றுவதில்லை. மின்சாரத்தில் மட்டும் அந்தத் தவற்றைச் செய்கிறோம்.

நம் நாட்டில் வீட்டு மின் அழுத்தம் 230 வோல்ட். சாதனத்தில் குறித்துள்ள வாட்டை 230ஆல் வகுத்தால், அது இழுக்கும் ஆம்பியர் தெரியும். 2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். சிறிய பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். பெரிய துளையுள்ள பவர் பிளக் தாங்குவது 16.

எங்கள் வீட்டில் கீசரை மாற்றுப் பிளக் வைத்துச் சிறிய பாயிண்டில் செருகினோம். ஒரே வாரத்தில் பாயிண்ட் உருகிக் கருகியது. பகல் நேரமானதால் தப்பினோம்.

எண்ணெய், சாக்கு, அட்டைப்பெட்டி நிறைந்த கடையில், பூட்டிய பிறகு இப்படி நேர்ந்தால்? எனவே 1000 வாட்டுக்கு மேற்பட்ட சாதனத்துக்குத் தனி ஒயரும் எர்த்தும் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டையே தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைப்போம். மாற்றுப் பிளக்கைத் தவிர்ப்போம்.