வெற்றிச் சின்னமும் விளையாட்டு இன்பமும்

முன்னுரை

வெற்றி பெறுவது ஒன்று. வெற்றி பெற்றதற்கு அடையாளம் பெறுவது மற்றொன்று. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவனின் களிப்பை வீட்டாருக்கு எடுத்துச் சென்று காட்ட இயலாது. கோப்பையைக் காட்டலாம், சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். ஆடுகளத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை, தொலைக்காட்சித் திரையில் ஆடப்பெறும் வீடியோ விளையாட்டுக்கும் பொருந்தும்.

சென்ற கோடை விடுமுறையில், ஒருவர் பயன்படுத்தியபின் விற்ற பிளேஸ்டேஷன் 3 கருவியில் 'அன்சார்ட்டட்' என்னும் புதையல் வேட்டை ஆட்டத்தை ஆடினேன். ஐந்தாறு நாள்களில் கதை முடிந்தது. ஆயினும் மறுநாளும் அதே ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடலானேன். உடனிருந்து பார்த்த என் தங்கை, "வில்லன்தான் செத்துட்டானே அண்ணா! இன்னும் எதுக்கு அதே காட்டைச் சுத்திக்கிட்டிருக்கே?" என்று கேட்டாள். "கோப்பை வாங்கணும்" என்றேன். "யார் கொடுப்பாங்க?" என்றாள். என்னால் விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

சாதனை என்பது யாது?

வீடியோ விளையாட்டில் ஆட்டத்தை முடிப்பது முதன்மையான நோக்கம். அதற்கு அப்பால், ஆட்டத்தை அமைத்தோர் சில பணிகளைப் பட்டியலிட்டு வைப்பர். ஒரு கட்டத்தைக் குறித்த நேரத்துக்குள் கடக்கவேண்டும். மறைந்து கிடக்கும் பொருள்கள் அனைத்தையும் திரட்டவேண்டும். மிகக் கடினமான நிலையில் ஆடி வெல்லவேண்டும். இவற்றுள் ஒன்றைச் செய்து முடித்ததும் மெல்லிய ஓர் ஒலி எழும். திரையின் ஓரத்தில் சிறு பட்டை ஒன்று தோன்றி மறையும். ஆடுபவரின் பெயரில் அது பதிவாகிவிடும். இதனையே 'அச்சீவ்மெண்ட்' என்றும், 'டிராஃபி' என்றும் அழைக்கின்றனர். நாம் சாதனை என்றும் கோப்பை என்றும் கூறலாம்.

துணி முத்திரைகளின் காலம்

இவ்வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. 1979இல் அமெரிக்காவில் தோன்றிய ஆக்டிவிஷன் நிறுவனம், அட்டாரி 2600 என்னும் கருவிக்கு ஆட்டங்களைத் தயாரித்தது. குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டியவர், தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து அந்நிறுவனத்துக்கு அஞ்சலில் அனுப்பவேண்டும். அதனைச் சரிபார்த்து, சட்டையில் தைத்துக்கொள்ளும் துணி முத்திரை ஒன்றை நிறுவனம் அனுப்பி வைக்கும்.

1982இல் வெளிவந்த 'பிட்ஃபால்' ஆட்டத்தில் 20,000 புள்ளிகள் எடுத்தவர் 'ஆய்வுப் பயணிகள் குழு'வில் உறுப்பினராயினர். 'டிராக்ஸ்டர்' என்னும் காரோட்டப் போட்டியை 6 வினாடிக்குள் முடித்தவருக்கு வேறொரு முத்திரை கிடைத்தது. புகைப்படச் சுருளைக் கழுவி, உறையிலிட்டு, அஞ்சல்காரரின் வருகைக்காகக் காத்திருந்த அக்காலச் சிறுவனின் ஆவலை நாம் எளிதில் உணரலாம். அவன் அனுப்பியது ஒரு படம். அவன் கேட்டது, 'நான் செய்ததை நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள்' என்பதே.

புள்ளியும் கோப்பையும்

2005 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியை வெளியிட்டபோது, இம்முறை புத்துருவம் பெற்றது. ஒவ்வோர் ஆட்டத்திலும் சாதனைகள் இடம்பெற்றன. ஒவ்வொரு சாதனைக்கும் புள்ளி வழங்கப்பட்டது. கடையில் விற்கப்பெற்ற முழு ஆட்டம் ஒன்றுக்கு அடிப்படையாக 1,000 புள்ளிகள். எல்லா ஆட்டங்களின் புள்ளிகளும் 'கேமர்ஸ்கோர்' என்னும் ஒரே கணக்கில் சேர்ந்தன.

இங்கேதான் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. முன்பு மதிப்பெண் ஓர் ஆட்டத்துக்கு உரியதாக இருந்தது; இப்போது அது ஆளுக்கு உரியதாயிற்று. கால்பந்து ஆடிப் பெற்ற புள்ளியும், கார் ஓட்டிப் பெற்ற புள்ளியும், புதிர் விடுவித்துப் பெற்ற புள்ளியும் ஒரே உண்டியலில் விழுந்தன.

2007இல் கணினி ஆட்டங்களுக்குரிய ஸ்டீம் தளம் இம்முறையைக் கைக்கொண்டது. 2008இல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 கருவியில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூவகைக் கோப்பைகளைக் கொண்டுவந்தது. ஓர் ஆட்டத்தின் அடிப்படைக் கோப்பைகள் அனைத்தையும் பெற்றவருக்கு இறுதியாகக் கிடைப்பது பிளாட்டினக் கோப்பை.

நிறுவனங்களுக்கு இதில் ஊதியம் இல்லாமல் இல்லை. சாதனையை நாடுபவர் ஆட்டத்தை விரைவில் விற்றுவிடமாட்டார். மேலும், எத்தனை பேர் எந்தக் கட்டத்தோடு ஆட்டத்தைக் கைவிட்டனர் என்பதையும் சாதனைக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

சாதனையின் வகைகள்

சாதனைகளை ஐந்து வகையாகப் பகுத்துக் காண்பது பொருத்தமாகும்.

முதலாவது, கதையின் போக்கிலேயே கிடைப்பது. இதற்குத் தனி முயற்சி வேண்டா.

இரண்டாவது, திறமையைச் சோதிப்பது. 2007இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 4' ஆட்டத்தின் இறுதியில் கடத்தப்பட்ட விமானம் ஒன்று வரும். மிகக் கடினமான நிலையில், ஒரே நிமிடத்துக்குள் பகைவரைக் கடந்து பிணையாளரை மீட்கவேண்டும். ஒரு நொடி தயங்கினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். பலமுறை தோற்றவர், எந்த இருக்கையின் பின்னே யார் எழுவார் என்பதைக்கூட அறிந்துகொள்வார்.

மூன்றாவது, பொறுமையைச் சோதிப்பது. 2006இல் வந்த 'டெட் ரைசிங்' ஆட்டத்தில் ஏழு நாள்கள் உயிரோடிருக்கவேண்டும். ஆட்டத்தின் ஏழு நாள்கள் என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம்! இடையில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. மின்சாரம் நின்றால் அனைத்தும் பாழ். அதே ஆண்டின் 'கியர்ஸ் ஆஃப் வார்' ஆட்டமோ, இணையப் போட்டிகளில் 10,000 எதிராளிகளை வீழ்த்தச் சொன்னது.

நான்காவது, கற்பனைக்கு இடந்தருவது. 2007இன் 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ' ஆட்டத்தின் தொடக்கத்தில் தோட்டத்துக் குள்ளன் பொம்மை ஒன்று கிடக்கும். அதனைச் சண்டைகளுக்கும் துரத்தல்களுக்கும் இடையே தூக்கிச் சென்று, கடைசியில் ராக்கெட்டுக்குள் வைக்கவேண்டும். பலமுறை ஆடிய ஆட்டம், கையில் ஒரு பொம்மை ஏறியதும் புதிய ஆட்டமாகிவிடுகிறது. துப்பாக்கி பிடிக்க வேண்டுமானால் பொம்மையைக் கீழே வைத்தாக வேண்டும். காரில் போகும்போது அது உருண்டு விழும். நகைப்பும் எரிச்சலும் கலந்த அவ்வனுபவத்தை வேறெவ்வகையிலும் பெற இயலாது.

ஐந்தாவது, எள்ளல். 2013இல் வந்த 'தி ஸ்டான்லி பேரபிள்' ஆட்டத்தில், ஐந்து ஆண்டுகள் அவ்வாட்டத்தை ஆடாமலிருந்தால் ஒரு சாதனை கிடைக்கும்! 'வெளியே போய் வா' என்பது அதன் பெயர். அதற்கும் கணினியின் நாள்காட்டியைத் திருத்தி வைத்துச் சாதனை பெற்றோர் உண்டு. எள்ளலைப் புரிந்துகொள்ளாமலே எள்ளலுக்கு இரையானவர்கள் அவர்கள்.

வேட்டையும் வேட்டைக்காரரும்

சாதனை சேர்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவரை வேட்டைக்காரர் என்றே வழங்குகின்றனர். அமெரிக்காவின் ரே காக்ஸ் என்பவர் 2014 மார்ச்சில் கேமர்ஸ்கோரில் பத்து லட்சம் புள்ளிகளை எட்டினார். பஹ்ரைன் நாட்டின் ஹக்கம் கரீம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளாட்டினக் கோப்பைகளைச் சேர்த்து கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். இவர்களது விடாமுயற்சியைக் குறைத்துக் கூறுதல் முறையன்று.

ஆனால் எண்ணிக்கை வளர வளர, எளிய வழி தேடும் மனமும் வளர்கிறது. 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த 'அவதார்: தி பர்னிங் எர்த்' என்னும் ஆட்டத்தில், தொடக்கத்திலேயே ஓரிடத்தில் நின்று ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால், சில நிமிடங்களில் 1,000 புள்ளிகளும் கிடைத்துவிடும். அதனால் அவ்வாட்டம் வேட்டைக்காரரிடையே பெரும்புகழ் பெற்றது. அதன் கதையை அவர்களுள் எத்தனை பேர் பார்த்திருப்பர்? 2016இல் வந்த 'மை நேம் இஸ் மேயோ' ஆட்டத்தில் ஒரு புட்டியை 10,000 முறை தட்டினால் பிளாட்டினம் கிடைக்கும். விமானத்தில் ஒரு நிமிடம் போராடிப் பெற்றதும், புட்டியைத் தட்டிப் பெற்றதும் கணக்கில் அருகருகே அமர்ந்திருக்கும். உண்டியலுக்கு வேறுபாடு தெரியாது.

பொய்க் கணக்கும் இங்குண்டு. நாம் முன்பு கண்ட டிராக்ஸ்டர் ஆட்டத்தை 5.51 வினாடியில் முடித்ததாக ஒருவர் பெயரில் 1982 முதல் ஒரு பதிவு நிலைத்திருந்தது. பின்னாளில் அவ்வாட்டத்தின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தோர், 5.57 வினாடிக்குக் கீழே வருதல் இயலாது என்று காட்டினர். 2018 ஜனவரியில் அப்பதிவு நீக்கப்பட்டது. அடையாளத்தின் மதிப்பு, அது சுட்டும் செயலின் உண்மையைப் பொறுத்ததே என்பதற்கு இது சான்றாகும்.

உளவியல் கூறுவது

பரிசு முயற்சியைத் தூண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலறிஞர் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையைச் சற்றே அசைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவிடம், 'படம் வரைந்தால் அழகிய சான்றிதழ் தருவோம்' என்று முன்னரே கூறினர். மற்றொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்தபின் திடீரெனச் சான்றிதழ் வழங்கினர். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் தரவில்லை.

சில நாள்கள் கழித்துப் பேனாக்களை மீண்டும் வைத்துப் பார்த்தபோது, சான்றிதழுக்கென்றே வரைந்த குழந்தைகள் மற்றவரைவிடப் பாதியளவு நேரமே வரைந்தனர். சொல்லாமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய சரிவு காணப்படவில்லை. பரிசு தீங்கு செய்யவில்லை. பரிசுக்காகவே வரைந்தோம் என்ற எண்ணமே ஆர்வத்தைக் குறைத்தது என்பது அவர்கள் கண்ட விளக்கம்.

என் பட்டறிவு

இனி என் தங்கையின் கேள்விக்கு வருவோம். 'அன்சார்ட்டட்' 2007இல் வெளிவந்த ஆட்டம். கோப்பைகள் 2008இல் அதனுள் சேர்க்கப்பட்டன. அதன் பிளாட்டினத்தைப் பெற, ஏனையவற்றோடு, இரண்டு பெரும்பணிகளை முடிக்கவேண்டும். மறைந்து கிடக்கும் 60 புதையல்களைத் திரட்டுவது ஒன்று. 'கிரஷிங்' எனப்படும் மிகக் கடின நிலையில் ஆட்டத்தை முடிப்பது மற்றொன்று.

புதையல்களுக்கு நான் ஒரு பட்டியலைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி மடியில் வைத்துக்கொண்டேன். தாளைப் பார்ப்பதும், குறித்த மூலைக்கு ஓடுவதும், எடுப்பதும், அடித்துவிடுவதுமாகப் பொழுது கழிந்தது. பழைய கோட்டையின் மேல்தளத்தில் ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் நில்லு அண்ணா, கடல் எவ்வளவு அழகா தெரியுது!" என்றாள் தங்கை. அப்போதுதான் திரையை நிமிர்ந்து பார்த்தேன். முதல்முறை ஆடியபோது அங்கே நெடுநேரம் நின்று பார்த்தவன் நான்தான். இப்போது அக்கடல் என் கண்ணில் படவேயில்லை.

கடின நிலையின் கதை வேறு. மடாலயத்துச் சண்டை ஒன்றில் இருபது முறைக்கு மேல் மாண்டேன். ஒரே தூணின் பின் ஒளிந்திருந்தால் வெடிகுண்டு வரும், இடம் மாறினால் பக்கவாட்டிலிருந்து சுடுவர் என்பது மெல்ல மெல்ல விளங்கிற்று. முதல்முறை அதே இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருந்தேன். அங்கே கற்றுக்கொள்ள இத்தனை இருந்தது எனக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்கு அதனைக் கடந்தபோது கோப்பை ஒன்றும் வரவில்லை, ஒலியும் எழவில்லை. ஆயினும் நான் எழுந்து நின்று கூவினேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பிளாட்டினக் கோப்பை வந்தது. தங்கை கைதட்டினாள். எனக்கும் மகிழ்ச்சிதான். எனினும் அன்றிரவு என் நினைவில் நின்றது அக்கோப்பையன்று, மடாலயத்துத் தூண்களே.

முடிவுரை

ஆகவே, சாதனைப் பட்டியல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. நாம் காணாது விட்டதைக் காணச்செய்தால் அது வழிகாட்டி. கண்முன் உள்ளதையும் காணவிடாது செய்தால் அது திரை. ஒரே ஆட்டத்தில், ஒரே கோப்பைக்காக, இவ்விரண்டும் எனக்கு நேர்ந்தன.

மாணவ நண்பர்களே! இது விளையாட்டோடு நிற்கும் செய்தியன்று. 'முக்கிய வினாக்கள்' பத்தினை மடியில் வைத்துக்கொண்டு பாடநூலின் மூலைகளுக்கு ஓடும்போது, நாமும் கோட்டையில் ஓடிக் கடலைக் காணாதவர்களே. அவ்வாறு பெற்ற மதிப்பெண்ணும், ஒரு கணக்கோடு இரவெல்லாம் மல்லாடிப் பெற்ற மதிப்பெண்ணும் சான்றிதழில் ஒன்றுபோலவே அச்சாகும். வேறுபாட்டை அறிந்தவர் ஒருவர் மட்டுமே, அதனைப் பெற்றவர்.

"கோப்பையை யார் கொடுப்பாங்க?" என்று தங்கை கேட்டாள் அல்லவா? கருவி கொடுக்கிறது என்பது ஒரு விடை. மதிப்புள்ள கோப்பையை நாமே நமக்குக் கொடுத்துக்கொள்கிறோம். கருவி அதற்கு ஒலி மட்டுமே எழுப்புகிறது என்பது இன்று நான் கூறும் விடை.